தழும்பையும் கணக்கில் சேருங்கள், சகோதரிகளே!



இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். இரண்டு பிள்ளை பெற்று, உடம்பும் இளைத்த பிறகு மார்பு மிகவும் தளர்ந்துவிட்டதாகவும், அதைத் தூக்கி அமைக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சொல்லும்படியும் கேட்டிருந்தார். சென்ற வாரம் வந்த பதில்களைப் படித்தேன். ஒருவர், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். இன்னொருவர், "சினிமாக்காரங்க செஞ்சுக்கறது, குடும்பப் பெண்ணுக்கு இது அழகா?" என்கிறார். மூன்றாமவர், "இப்பல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடுது, தைரியமா பண்ணிக்கோங்க" என்கிறார். மூவருமே நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு மூவரும் பதில் சொல்லவில்லை.

எனக்கு வயது 47. பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவள். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு, பிறகு அவரவரே முடிவெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிட வேண்டும். "பால் கொடுத்தா தொங்கிப் போயிடும்" என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். இதை நம்பிப் பச்சைக் குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கிய பெண்களை எனக்கே தெரியும். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் இதையே ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் கொடுத்ததற்கும் மார்பு தளர்வதற்கும் தொடர்பு இருப்பதாக அவர்கள் காணவில்லை. வயது, எத்தனை முறை கருவுற்றோம் என்பது, உடல் பருமன், இயல்பாகவே பெரிய மார்பு, புகைப்பழக்கம் இவையே காரணங்களாகத் தெரிந்தன. ஆகவே தாயாகப் போகும் சகோதரிகள் இந்தப் பயத்தால் பாலை நிறுத்த வேண்டாம்.

மார்பு ஏன் தளர்கிறது? அதற்குள் பால் சுரப்பியும் கொழுப்பும்தான் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பவை மேலே உள்ள தோலும் உள்ளே உள்ள மெல்லிய நார்களும். கருவுறும்போது மார்பு பெருக்கிறது, பிறகு வற்றுகிறது. விரிந்த தோல் பழையபடி சுருங்குவதில்லை. குண்டாகி இளைத்தாலும் இதே கதைதான். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. தைராய்டினால் 84 கிலோ வரை போய், மருந்தும் நடையுமாக 62-க்கு வந்தேன். உடம்பு குறைந்தது, தோல் தங்கிவிட்டது. கோடை வந்தால் மார்பின் அடி மடிப்பில் வியர்வை தேங்கி, அரிப்பெடுத்து, தோல் உரிந்து புண்ணாகும். பவுடர் போட்டு, பருத்தித் துணி மடித்து வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்பேன். யாரிடம் சொல்வது?

கிரீம், எண்ணெய், மசாஜ் என்று விளம்பரம் வருகிறதே, அவற்றால் தளர்ந்த மார்பு ஏறாது. உடற்பயிற்சி செய்தால் மார்புக்கு அடியில் உள்ள தசை பலப்படும், கூன் குறையும். அது நல்லதுதான், ஆனால் தொங்கும் தோலை அது இழுத்துக் கட்டாது. சரியான அளவில் பிரா போட்டால் துணிக்குள் பாதிப் பிரச்னை தீரும். அதைக்கூட நம்மில் பலர் அளந்து வாங்குவதில்லை, கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வருகிறோம். ஆபரேஷனைப் பற்றி யோசிக்கும் முன் இதையும் செய்து பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் பணமும் மிச்சம், வலியும் மிச்சம்.

சரி, ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? இதற்கு 'மாஸ்டோபெக்ஸி' என்று பெயர். பிளாஸ்டிக் சர்ஜரி வகையைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் என்றதும் பயப்படாதீர்கள். வடிவம் கொடுப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மிகுதியான தோலை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் சதையை மேலே கொண்டுவந்து தைத்து, காம்பை உரிய இடத்துக்கு ஏற்றி வைக்கிறார்கள். காம்பை அறுத்து எடுத்து ஒட்டுவதில்லை. பொதுவாக அதன் ரத்த ஓட்டமும் நரம்பும் அறுபடாதபடி அடியில் உள்ள சதையோடு சேர்த்தே நகர்த்துகிறார்கள். முழு மயக்கம் கொடுத்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று, ஓர் இரவு தங்கினேன்.

எவ்வளவு வெட்டுவார்கள் என்பது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நேராக நிற்கும்போது காம்பு அடி மடிப்புக்கு மேலே இருக்கிறதா, சமமாக இருக்கிறதா, கீழே போய்விட்டதா என்று டாக்டர் அளந்து பார்க்கிறார். கொஞ்சம் தளர்ச்சி என்றால் காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் மட்டும் தையல். நடுத்தரம் என்றால் அந்த வட்டத்தோடு, அதிலிருந்து கீழே நேராக ஒரு கோடு. என்னைப் போல அதிகம் என்றால் அதற்கும் கீழே, அடி மடிப்பை ஒட்டிக் குறுக்கே இன்னொரு கோடு. பார்ப்பதற்குக் கப்பல் நங்கூரம் மாதிரி இருக்கும்.

இங்கேதான் நம் சகோதரிகள் நன்றாகக் காதில் வாங்க வேண்டும். தையல் போட்ட இடமெல்லாம் தழும்பு வரும். தழும்பே இல்லாத ஆபரேஷன் கிடையாது. முதல் சில மாதங்கள் அது சிவந்தும் கறுத்தும், கொஞ்சம் தடித்தும் இருக்கும், அரிக்கும். மெல்ல மெல்ல மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மங்குமே தவிர மறையாது. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பும் அதிகம். காது குத்தின இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ உங்களுக்குச் சதை தடித்து வளர்ந்திருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எங்கள் ஊரில் ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் என்னைப் பரிசோதிக்கவே இல்லை. "தழும்பே தெரியாது மேடம், காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம், இந்த வாரம் சேர்ந்தா சலுகை உண்டு" என்றார். யார் செய்வார் என்று கேட்டதற்கு, "எங்க டீம்ல டாக்டர் இருக்காங்க" என்றார்களே தவிர, அவர் என்ன படித்தவர் என்று சொல்லவில்லை. புடவைக் கடை மாதிரி சலுகை சொல்லும் இடத்தில் உடம்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு சென்னையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். முக்கால் மணி நேரம் பேசினார். அளந்து பார்த்தார். மற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்து இருந்த தழும்பின் படங்களை முகம் தெரியாமல் காட்டினார். கடைசியில் சொன்னார்: "இதோ பாருங்கம்மா, நான் உங்களுக்கு வடிவம் தர்றேன், அதுக்குப் பதிலா தழும்பு தர்றேன். இந்தக் கணக்கு உங்களுக்குச் சம்மதம்னா தேதி குறிக்கலாம். இல்லேன்னா போய் நிம்மதியா இருங்க." அந்த நேர்மைதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

என்னென்ன கிடைக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த ஆபரேஷன் மார்பைப் பெரிதாக்காது. தோல் போவதால் சற்றுச் சிறியதாகக்கூடத் தெரியும். மேல் பகுதி கும்மென்று நிறைந்திருக்க வேண்டும் என்றால் சிலிக்கான் பை வைக்க வேண்டியிருக்கும். அது வேறு கணக்கு, அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகைப் பைகள் அபூர்வமான ஒரு புற்றுநோயோடு தொடர்புள்ளவை என்று தெரிந்து, 2019-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. வெறுமே தூக்கி அமைக்கும் ஆபரேஷனுக்குப் பை தேவையில்லை. தேவையில்லாமல் யாராவது பையைச் சேர்த்துச் சொன்னால் காரணம் கேளுங்கள். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், இயற்கையிலேயே நமக்கு அப்படி இல்லை. இன்னொன்று, வயது நிற்காது. ஏற்றி வைத்ததும் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மறுபடி குண்டானாலோ கருவுற்றாலோ சீக்கிரமே இறங்கும்.

இதனால்தான் இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களைப் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். என் சித்தி மகள் 31 வயதுக்காரி. என்னைப் பார்த்து அவளும் ஆசைப்பட்டாள். "ரெண்டாவது குழந்தை பெத்துக்கப் போறீங்கன்னா அப்புறம் வாங்க. இந்த ஆபரேஷனால பால் சுரப்பு குறையவும் வாய்ப்பு உண்டு" என்று அதே டாக்டர் அனுப்பிவிட்டார். எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களும் அது நிலைபெற்ற பிறகு போவதே நல்லது. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் காயம் ஆறுவது தாமதமாகும், காம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடும் ஆபத்தும் கூடும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து எடுக்கிறீர்களா, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது. 40 வயது தாண்டியிருந்தாலோ, குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ முன்கூட்டியே மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். பிற்காலத்தில் மேமோகிராம் எடுக்கும்போதும் ஆபரேஷன் ஆனதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் தழும்பு படத்தில் தெரியும்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. முதல் மூன்று நாள் வலி, மாத்திரையில் தாங்கும்படி இருந்தது. வீக்கமும் கன்றிப்போன நிறமும் பார்க்கவே பயமாக இருக்கும், இரண்டு வாரத்தில் வடியத் தொடங்கியது. இரவும் பகலும் அதற்கென்று உள்ள இறுக்கமான பிரா போட்டிருக்க வேண்டும், எனக்கு ஆறு வாரம் சொன்னார்கள். மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்தே பழகிய எனக்கு வலியைவிட அதுதான் பெரிய தண்டனை! முன்பக்கம் திறக்கும் நைட்டியும் ரவிக்கையும் முன்னாலேயே எடுத்து வையுங்கள், கையைத் தூக்கி மேல்வழியாக எதையும் போட முடியாது. பரணில் இருந்து டப்பா எடுப்பது, குடம் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, ஸ்கூட்டர் ஓட்டுவது, குழந்தையை இடுப்பில் வைப்பது எல்லாம் நாலிலிருந்து ஆறு வாரம் கூடாது. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு வாரத்தில் போகலாம். கரும்பலகையில் கையுயர்த்தி எழுதும் ஆசிரியை என்பதால் நான் கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த ஆறு வாரமும் வீட்டு வேலையை யார் பார்ப்பது? தேதி குறிக்கும் முன் இதற்கு விடை வேண்டும். "அவ படுத்துட்டா வீடே நின்னுடும்" என்ற நிலையில் இருக்கும் பெண், பத்தாம் நாளே அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போகாவிட்டாலும், கிரைண்டர் கல்லைத் தூக்கத்தான் போவாள். தையல் பிரியும்.

எனக்கும் எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. இடது பக்கம், நேர்கோடும் குறுக்குக் கோடும் சந்திக்கும் இடத்தில் ஒரு பட்டாணி அளவுக்குப் புண் திறந்தது. அந்த முனையில் தோல் இழுவிசை அதிகம், பலருக்கு இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். கட்டு மாற்றி மாற்றி ஆற நாலு வாரம் ஆயிற்று. அந்த நாலு வாரமும் நான் அழாத நாளில்லை. இடது காம்பில் உணர்ச்சி மரத்துப்போய், எட்டு மாதத்துக்குப் பிறகுதான் ஓரளவு திரும்பியது. சிலருக்குத் திரும்பாமலே போவதும் உண்டாம். ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, கொழுப்பு கட்டியாகி நிற்பது, அபூர்வமாகக் காம்பே பாழாவது என்று பெரிய ஆபத்துகளும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காம்பு கறுத்துக்கொண்டு வந்தாலோ, மூச்சு திணறினாலோ, காலில் வீக்கமும் வலியும் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆகவே முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா? மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும் வரை கூடவே இருப்பாரா? இரவில் ரத்தம் கசிந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது? மறுபடி தைக்க நேர்ந்தால் செலவு யாருடையது? முன்னும் பின்னும் புகைப்படம் எடுப்பார்கள், சிகிச்சைக்கு அது தேவை. ஆனால் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்புதல் தாளில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நமக்கு ஆகாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனையில் இது லட்சத்தில் பேசும் செலவு. அழகுக்கான சிகிச்சை என்று இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பொதுவாகக் கொடுப்பதில்லை, வரியும் உண்டு. ஏழைப் பெண்ணுக்கு வழியே இல்லையா என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக சீரமைப்புக்கென்று இலவசப் பிரிவு ஒன்றைத் தமிழக அரசு தொடங்கியது. அப்போதும், 'ஏழைகளுக்கு இதுவா முக்கியம்?' என்று விவாதம் எழுந்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்குத்தான் முதலிடம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மார்பின் பாரத்தால் தோள்வலி வந்து, மடிப்பில் புண்ணோடு நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போகும் பெண்ணின் கஷ்டத்தை 'அழகு' என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா? அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் போய் விசாரிக்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, யாருக்காக? இதை மட்டும் எந்த டாக்டரும் நமக்காக முடிவு செய்ய முடியாது. என் மாமியார் விஷயம் தெரிந்ததும், "ஏம்மா, கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு உனக்கு இது தேவையா?" என்றார். நான் கோபப்படவில்லை. அடி மடிப்பில் இருந்த புண்ணைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமும் அடுப்படியை அவர்தான் பார்த்துக்கொண்டார். என் கணவரோ, "எனக்காகன்னா வேண்டாம், உனக்காகன்னா நான் கூட வர்றேன்" என்றார். இப்படி எல்லா வீட்டிலும் அமையாது என்று எனக்குத் தெரியும். புருஷன் குத்திக்காட்டுகிறார், வேறு பெண்ணோடு ஒப்பிடுகிறார் என்பதற்காகக் கத்திக்குக் கீழே படுக்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். குத்திப் பேசும் வாய்க்கு இந்த ஆபரேஷனில் தையல் போட முடியாது. இன்று மார்பு, நாளை வயிறு, மறுநாள் நிறம் என்று அந்த வாய் இடம் மாற்றிக்கொண்டே போகும். தன் உடம்பின் சிரமம் தீர வேண்டும், தனக்கே நிம்மதி வேண்டும் என்று நினைப்பவள், தழும்பையும் ஏற்றுக்கொள்ளச் சம்மதம் என்றால், எந்த வயதிலும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் செய்துகொள்ளலாம். வேண்டாம் என்று இருப்பவளுக்கும் எந்தக் குறையும் இல்லை. பிள்ளை பெற்று வளர்த்த உடம்பு அது, அப்படித்தான் இருக்கும்.

இந்தக் கடிதத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இந்தப் பேப்பர் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றியும் கண் ஆபரேஷனைப் பற்றியும் நாம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். இதைப் பற்றியும் அதே மாதிரி பேசத் தொடங்கினால், சலுகை சொல்லி ஆள் பிடிக்கும் இடங்களுக்கு வேலை இருக்காது. கேள்வி கேட்ட அந்தச் சகோதரி என்ன முடிவெடுத்தார் என்று இதே பகுதியில் எழுத வேண்டும். செய்துகொண்டவர்கள், செய்துகொண்டு அவதிப்பட்டவர்கள், விசாரித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பியவர்கள் எல்லோரும் எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விவரம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சி.